பதினைந்தாயிரம் ரூபாய் வைட்டமின் சி சீரம்: எதற்கு இந்த விலை?

ஸ்கின்சூட்டிகல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின், முகத்தில் தடவும் ‘சி ஈ ஃபெருலிக்’ சீரம் 30 மில்லிலிட்டர் பிடிக்கும் சிறிய கண்ணாடிக் குப்பியில் வருகிறது. அமெரிக்கக் கடைகளில் அதன் விலை 180 டாலருக்கு மேல். நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். வைட்டமின் சி சீரங்களில் ‘அசல்’ என்று பேசப்படுவது இதுதான். சந்தைக்கு வரும் புதிய குப்பிகள் எல்லாம் இதனோடு ஒப்பிட்டே விற்கப்படுகின்றன. ஆகவே, விலையுயர்ந்த வைட்டமின் சி சீரம் வாங்கத் தகுமா என்ற கேள்விக்கு விடை தேட இந்த ஒன்றை எடுத்து ஆராய்வதே நேரான வழி. ஆய்வின் துணையோடு வந்த இந்தக் குப்பிக்கே அவ்வளவு விலை தகாது என்றாகிவிட்டால், பகட்டான பெட்டியையும் நறுமணத்தையும் மட்டும் நம்பி அதே விலைக்கு விற்கப்படும் மற்றவற்றைப் பற்றித் தனியாகப் பேசத் தேவையிருக்காது.

தோலுக்கு வைட்டமின் சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் இழைகள் முறுக்கிக்கொண்டு நிலைபெற வேண்டுமானால், அவற்றைப் பக்குவப்படுத்தும் நொதிகள் இயங்க வேண்டும்; அந்த நொதிகள் வைட்டமின் சி இல்லாமல் இயங்கா. நெடுங்கடல் பயணம் போன பழைய மாலுமிகளுக்கு ஈறுகளில் இரத்தம் கசிந்ததும், ஆறிப்போன தழும்புகள்கூட மீண்டும் பிளந்ததும் இதனால்தான். இந்தியருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அளவு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வகுத்தன. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது; நடுத்தர அளவுப் பழம் ஒன்றே போதும். ஆனால் அதற்கு மேல் எத்தனை பழம் தின்றாலும், எத்தனை மாத்திரை சப்பினாலும், இரத்தத்தில் அதன் அளவு ஓர் எல்லையைத் தாண்டி ஏறுவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடுகிறது. தோலுக்குப் போய்ச் சேர்வதும் அந்த எல்லைக்கு உட்பட்டதுதான். வெயில் படும்போது தோலில் உள்ள இருப்பும் கரைகிறது. வெளியிலிருந்து தடவி அந்த இருப்பை உயர்த்த முடியுமா என்ற ஆராய்ச்சி இங்கிருந்துதான் தொடங்கியது.

தடவுவது எளிது, உள்ளே போகச் செய்வதுதான் கடினம். தோலின் மேலடுக்கு கொழுப்புப் பொருள்களால் அடைத்துக் கட்டப்பட்ட ஒரு சுவர். அது இருப்பதே வெளிப்பொருள்களைத் தடுக்கத்தான். நீரில் கரைந்து மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் அதைக் கடப்பது அரிது. அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சியின் வேதிப்பெயர். அதன் கரைசல் போதிய அளவு புளிப்பாக இருந்தால் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மின்னூட்டமின்றி இருக்கும், உள்ளே நுழையவும் முடியும். வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவரான ஷெல்டன் பின்னெல் இதைப் பன்றித் தோலில் சோதித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார். கரைசலின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அமிலம் தோலுக்குள் இறங்கியது. செறிவு 20 சதவீதம் வரை கூடக் கூட உறிஞ்சலும் கூடியது. அதற்கு மேல் போனபோது குறைந்துவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து தடவியதும் தோல் தன்னால் இயன்ற அளவை ஏற்றுக்கொண்டு நிறைந்தது. அவ்வாறு நிறைந்த பிறகு அதில் பாதி கரைய ஏறக்குறைய நான்கு நாள் ஆயிற்று. ஒரு நாள் தடவ மறந்ததற்காகப் பதறுகிறவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முப்பது சதவீதம், முப்பத்தைந்து சதவீதம் என்று அட்டையில் பெரிதாக அச்சடித்து விற்பவற்றை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது: கூடுதல் செறிவால் கிடைப்பது கூடுதல் எரிச்சல்தான்.

வீட்டிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்துக்கொண்டால் ஆகாதா என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி ஏறக்குறைய 50 மில்லிகிராம். பதினைந்து சதவீதச் சீரத்தில் அதே நூறு மில்லிக்கு 15,000 மில்லிகிராம். முந்நூறு மடங்கு வேறுபாடு. தவிர, எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிக் கறுப்புத் தழும்பை விட்டுச் செல்லக்கூடியவை. நிறம் தெளிய வேண்டும் என்று செய்தது நேர்மாறாக முடியும்.

புளிப்பான கரைசல் தோலுக்குள் இறங்கிவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. நீரில் கரைத்த அஸ்கார்பிக் அமிலம் காற்றும் ஒளியும் சூடும் பட்டால் வெகுவிரைவில் கெடும். பின்னெலின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலுக்குத்தான் வழி கண்டது: 15 சதவீத அஸ்கார்பிக் அமிலத்தோடும் 1 சதவீத வைட்டமின் ஈ-யோடும் 0.5 சதவீத ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்தால் கரைசல் நிலைப்பதோடு, வெயிலிலிருந்து காக்கும் அதன் ஆற்றலும் இரட்டிப்பாகிறது. ஃபெருலிக் அமிலம் ஏதோ அயல்நாட்டு அதிசயப் பொருள் அல்ல. 1866-ல் அது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நாம் ரசத்தில் போடும் பெருங்காயத்திலிருந்து. அரிசித் தவிட்டிலும் அது நிறைய உண்டு. சூரிய ஒளியை ஒத்த கதிர்களைப் பன்றித் தோலில் பாய்ச்சிப் பார்த்தபோது, வைட்டமின் சியும் ஈயும் மட்டும் சேர்ந்த கரைசல் ஏறத்தாழ 4 மடங்கு பாதுகாப்பையும், ஃபெருலிக் அமிலம் சேர்ந்தது ஏறத்தாழ 8 மடங்கு பாதுகாப்பையும் அளித்தன. விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் ‘எட்டு மடங்கு’ இதுவே. இந்தச் சீரம் சன்ஸ்கிரீனைப் போலக் கதிர்களைத் தடுத்து நிறுத்துவதில்லை. கதிர்கள் உள்ளே வந்த பின் உண்டாகி, தோலைச் சேதப்படுத்தும் ‘ஃப்ரீ ரேடிக்கல்’ என்ற நிலையற்ற மூலக்கூறுகளைத் தணிக்கிறது. ஆகவே அந்த எட்டைச் சன்ஸ்கிரீன் எண்ணாகப் படித்துவிட்டு வெயிலில் இறங்குவது தவறு.

இவ்வளவும் நல்ல அறிவியல். விலையை நிர்ணயித்ததோ அறிவியல் மட்டுமல்ல, அதன் மேல் வாங்கப்பட்ட காப்புரிமையும்தான். பின்னெலின் ஆய்வுகளை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த ஸ்கின்சூட்டிகல்ஸை 2005-ல் பிரான்சின் லோரியால் வாங்கியது. 2007-ல் அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை மிக அகலமானது: 5 முதல் 40 சதவீதம் வரை அஸ்கார்பிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் போன்ற சின்னமிக் அமில வகை, குறிப்பிட்ட சில கரைப்பான்கள், நீர், 3.5-க்கு மேற்படாத பிஎச் என்று இவ்வளவையும் ஒரே வேலிக்குள் அடைத்துவிட்டது. தோலுக்குள் இறங்குவதற்கு எந்த பிஎச் வேண்டுமோ அதே பிஎச்சில் ஃபெருலிக் அமிலத்தைச் சேர்த்து விற்க நினைத்த எந்தப் போட்டியாளருக்கும் அந்த வேலி தடையாக நின்றது. டிரங்க் எலிஃபன்ட் என்ற நிறுவனத்தின் வைட்டமின் சி சீரம் இந்த உரிமையை மீறுவதாக லோரியால் 2018-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையில், 2019-ல், அதே டிரங்க் எலிஃபன்டை ஜப்பானின் ஷிசெய்டோ 84.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் துறையில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்தக் காப்புரிமை 2025-ல் காலாவதியாகிவிட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் அதே மூன்று பொருள்களை அதே விகிதத்தில், அதே பிஎச்சில் கலந்து விற்கலாம். அதற்கு முன்பே வேறு கரைப்பான்களைக் கொண்டும் பிஎச்சைச் சற்று மாற்றியும் இதே கூட்டணியைப் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தந்தவர்கள் உண்டு. இனி அந்தச் சுற்றுவழிகளும் வேண்டியதில்லை.

மூலப்பொருளின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 30 மில்லிலிட்டரில் 15 சதவீதம் என்பது நாலரை கிராம் அஸ்கார்பிக் அமிலம். உணவுத் தொழிலுக்கும் மருந்துத் தொழிலுக்கும் டன் கணக்கில் தயாராகும் பொருள் அது. சில்லறையில் கிலோ ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் குப்பிக்குள் இருக்கும் வைட்டமின் சியின் விலை நாலரை ரூபாய். வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் ஒரு கிராமுக்கும் குறைவு. தூய்மையான தயாரிப்பு, காற்றுப் புகாத நிரப்பல், நிலைத்தன்மைச் சோதனை, மருத்துவர்கள் வழியே விற்பதற்கான செலவு, கடைக்காரரின் பங்கு எல்லாவற்றையும் சேர்த்தாலும் பதினைந்தாயிரத்தை எட்டுவது கடினம். எஞ்சியது பெயருக்கும், முதலில் வந்தவர் என்ற மதிப்புக்கும் கொடுக்கும் தொகை. நல்ல ஆய்வுக்கு அதைச் செய்தவர் விலை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அந்த விலை வாங்கப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

விலையை ஒதுக்கிவிட்டுப் பயனை மட்டும் பார்த்தால், மனிதர்களிடம் கிடைத்த சான்றுகள் விளம்பரம் காட்டும் அளவுக்குப் பெரியவை அல்ல. முப்பொருள் கரைசலை மனிதத் தோலில் சோதித்து 2008-ல் வந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒன்பது பேர். வெயிலால் முதிர்ந்த தோலில் 5 சதவீத வைட்டமின் சி கிரீமை ஆறு மாதம் தடவி, வெறும் கிரீமோடு ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2003-ல் வந்தது. அதில் இருபது பெண்கள் பங்கேற்றனர், சுருக்கங்களும் தோலின் மேற்பரப்பும் ஓரளவு மேம்பட்டன. இரண்டும் ஒழுங்கான ஆய்வுகளே. திசை ஒன்றுதான், முன்னேற்றமும் உண்மைதான்; ஆனால் அது மெதுவாக, மாதக்கணக்கில் வரும் சிறு முன்னேற்றம். இந்த விலையுயர்ந்த குப்பியையும், அதே பொருள்களைச் சரியாகக் கலந்த மலிவான குப்பியையும் நூற்றுக்கணக்கானவர்களின் முகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு முன்னதே மேல் என்று காட்டியிருந்தால் அந்த நிறுவனம் அதை ஊரறியச் சொல்லியிருக்கும்.

நம்மவர்கள் இந்தச் சீரத்தைத் தேடிப் போவது பெரும்பாலும் சுருக்கத்துக்காக அல்ல; கன்னத்தில் படரும் மங்குக்காகவும், பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருந்தடத்துக்காகவும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக்கத்தில் முக்கியமான நொதி ஒன்றை வைட்டமின் சி தணிக்கிறது என்பதால் அந்த எதிர்பார்ப்பு அடிப்படையற்றதல்ல. மங்கு உள்ள பதினாறு பெண்களின் முகத்தில் ஒரு பக்கம் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலமும் மறுபக்கம் மங்குக்கான மருந்தான ஹைட்ரோகுயினோன் 4 சதவீதமும் பதினாறு வாரம் தடவிப் பார்த்த ஆய்வொன்று 2004-ல் வெளிவந்தது. நல்ல பலன் கண்டவர்கள் ஹைட்ரோகுயினோன் பக்கத்தில் 93 சதவீதம், வைட்டமின் சி பக்கத்தில் 62.5 சதவீதம். எரிச்சலில் நிலைமை தலைகீழ்: ஹைட்ரோகுயினோனால் 68.7 சதவீதம் பேருக்கு, வைட்டமின் சியால் 6.2 சதவீதம் பேருக்கு. பலன் குறைவு, தொல்லையும் குறைவு. கவனிக்க வேண்டியது, அங்கே பயன்பட்டது ஐந்து சதவீதம். பதினைந்து, இருபது சதவீதமும் மிகுந்த புளிப்பும் சேர்ந்தால் சிலருக்கு முகம் எரிந்து சிவக்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அத்தகைய எரிச்சலே புதிய கருந்தடத்தை உண்டாக்கிவிடும். முதலில் தாடையோரத்தில் சிறிது தடவிச் சில நாள் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். சீரம் வாங்குவதைவிட அதைக் கெடாமல் வைத்திருப்பது இங்கே பெரிய வேலை. புதிய கரைசல் நீர்போலவோ, காய்ந்த வைக்கோலின் வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். காற்றுப் படப்பட அஸ்கார்பிக் அமிலம் முதலில் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாகவும், பிறகு மீளமுடியாதபடி வேறு பொருள்களாகவும் சிதைகிறது. நிறம் அடர்மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் ஆறிப்போன கட்டஞ்சாயா நிறத்தை அடைகிறது. சிதைவில் பிறக்கும் எரித்ருலோஸ் என்ற சர்க்கரை, தோலைச் செயற்கையாகப் பழுப்பாக்கும் பூச்சுகளில் சேர்க்கப்படும் பொருள். பழைய சீரத்தைத் தடவியவர்களின் விரல் நுனியிலும் தலையணை உறையிலும் துருப்பிடித்தாற்போன்ற கறை ஏறுவது அதனால்தான். டிராப்பரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குப்பிக்குள் புதுக்காற்று போகிறது. சித்திரை மாதத்தில் குளியலறை அலமாரியில் வைத்த குப்பி எத்தனை விலை கொடுத்ததானாலும் கெடும். இறக்குமதியானது என்றால் கிடங்கிலும் கூரியர் வண்டியிலும் பட்ட சூடும் சேர்ந்துகொள்ளும். நேற்று ஆலையிலிருந்து வந்த எழுநூறு ரூபாய்ச் சீரத்துக்கும், ஓராண்டுக்கு முன் தயாராகி மூன்று கிடங்கு மாறி வந்த பதினைந்தாயிரம் ரூபாய்ச் சீரத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முன்னதைத்தான் எடுப்பேன்.

அதற்காக மலிவானவை எல்லாம் சமம் என்று கொள்ளவும் கூடாது. பெட்டியின் பின்புறப் பொருள்பட்டியலை ஒரு நிமிடம் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும்படி அந்தப் பட்டியல் அச்சிடப்படுகிறது. சி ஈ ஃபெருலிக்கில் நீருக்கும் எத்தாக்சிடைகிளைகால் என்ற கரைப்பானுக்கும் அடுத்து மூன்றாவதாக நிற்பது அஸ்கார்பிக் அமிலம். மாறாக, ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளுக்குப் பின்னால் வைட்டமின் சியின் பெயர் வந்தால், பெரும்பாலும் அதன் அளவு ஒரு சதவீதத்தையே எட்டியிருக்காது; ஏனெனில் அந்தப் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பது வழக்கமில்லை. ஆரஞ்சுச் சாறு, நெல்லிச்சாறு என்று பழத்தின் பெயரை மட்டும் போட்டு வைட்டமின் சி என்று விற்பவை தனி ரகம். அவற்றைப் பழமாகவே சாப்பிடலாம். எத்தில் அஸ்கார்பிக் அமிலம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுக்கோசைடு போன்ற மாற்றுவடிவங்கள் எளிதில் கெடுவதில்லை, எரிப்பதும் குறைவு. அவற்றுக்கான சான்று நேரடி அஸ்கார்பிக் அமிலத்துக்கு உள்ள அளவுக்கு இல்லை என்றாலும், எரிச்சல் தாங்காத முகத்துக்கு அவை பொருந்தும்.

ஆண்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். திறந்த குப்பியை மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது என்பதால் ஆண்டுக்கு மூன்று குப்பியாவது வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். தோல் முதிர்வைத் தடுப்பதில் இதைவிட வலுவான சான்று சன்ஸ்கிரீனுக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் முதிர்வு, விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு முறைக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேல் என்று தாராளமாகப் பூசினால் 50 கிராம் குழாய் நாற்பது நாள் வரும்; ஐந்நூறு ரூபாய்க் குழாய் என்றால் ஆண்டுச் செலவு ஐயாயிரத்துக்குள் அடங்கும். மங்கு உள்ளவர்களுக்குப் புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் எதிரி. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும். சுருக்கத்துக்கு டிரெட்டினாயின் என்ற தடவும் மருந்து பல பத்தாண்டுச் சான்றுள்ளது, குழாயின் விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டியது, கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டியது. இந்த வரிசையில் வைட்டமின் சி மூன்றாவது இடத்துக்குத்தான் வருகிறது.

நாள்தோறும் தவறாமல் சன்ஸ்கிரீன் பூசுபவர், மருத்துவர் சொன்னதைச் செய்பவர், அதற்கு மேலும் சிறிது முயன்று பார்க்க விரும்புபவர் ஒருவர் வைட்டமின் சி வாங்குவதில் தவறில்லை. அவருக்கு என் பரிந்துரை: பத்து முதல் பதினைந்து சதவீத அஸ்கார்பிக் அமிலம், பிஎச் 3.5-க்குக் கீழ் என்று தயாரிப்பாளரே சொல்லும் சீரம், கூடுமானவரை வைட்டமின் ஈ-யும் ஃபெருலிக் அமிலமும் சேர்ந்தது, தயாரித்த தேதி சில மாதங்களுக்கு உட்பட்டது, குப்பி சிறியது, விலை ஆயிரத்தைச் சுற்றியது. காலையில் முகம் கழுவி ஈரம் காய்ந்ததும் நான்கைந்து சொட்டு, அது உலர்ந்ததும் சன்ஸ்கிரீன். குப்பியைக் குளிர்பெட்டிக் கதவிலேயே வைத்துவிட வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் பெரிய தொகையாகத் தோன்றாத வீட்டில், அந்தக் கரைசலின் மெல்லிய வழவழப்பும் பழக்கமும் பிடித்துப்போய் வாங்குகிறவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அவர் வாங்குவது நல்ல பொருளே. மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, மங்கு போய்விடும் என்று நம்பி வாங்க நினைப்பவர் மட்டும் முதலில் தோல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடட்டும். அந்தக் கட்டணமும் மருந்துச் செலவும் சேர்ந்தாலும் ஒரு குப்பியின் விலையில் கால்பங்கைத் தாண்டுவது அரிது.